லாந்தர் அண்ணாச்சியும் ஃப்ளோரிடாப் புயல்களும்

டெல்லியில் குடியிருந்துகொண்டு கடல் புயலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் லாந்தர் அண்ணாச்சிதான். எந்தக் கடலைப் பார்ப்பதானாலும் ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார வேண்டிய ஊர் அது. அந்த ஊரில், ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில் இருந்துகொண்டு, "இந்த வருசம் நெலவரம் சரியில்லவே" என்று அவர் சொன்னால், அவர் கவலைப்படுவது வங்கக் கடலைப் பற்றிக்கூட அல்ல. அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த செக்ஷனில் அவர்தான் சீனியர். பாளையங்கோட்டைக்காரர். டெல்லிக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் திருநெல்வேலித் தமிழில் ஒரு கீறல் விழவில்லை. இந்தியையும் அதே ராகத்தில்தான் பேசுவார். ஒருநாள் டீ கொண்டுவந்த பியூன் ராம்தாரியிடம், அமெரிக்காவுக்கு ஹரிக்கேன் வரப்போகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ராம்தாரிக்குத் தெரிந்த ஹரிக்கேன் அவன் கிராமத்து வீட்டில் தொங்கும் விளக்கு ஒன்றுதான். "லால்டேன் அமெரிக்கா ஜா ரஹா ஹை?" என்று கேட்டான், லாந்தர் விளக்கு அமெரிக்காவுக்குப் போகிறதா என்று. அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அவர் 'லால்டேன் சாப்'. தமிழர்களாகிய நாங்கள் நாலைந்து பேர் அதைத் தமிழாக்கி 'லாந்தர் அண்ணாச்சி' என்றோம். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரே மகள், உமா. டெல்லியிலேயே பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, ஃப்ளோரிடாவில் கடலோர ஊர் ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு, அதன் பிறகு வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணாச்சி போனில் என்னவோ சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் அமெரிக்காவிலிருந்து மணி அடிக்கவில்லை. அடுத்த மாதமே, ஃப்ளோரிடாவில் புயல், கூரைகள் பறந்தன என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான்.

அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் ஒவ்வொரு ஏப்ரலிலும், வரப்போகும் சீசனில் எத்தனை புயல் வரும் என்று கணித்துச் சொல்வார். அந்தச் செய்தி வரும் அமெரிக்கப் பேப்பர் டெல்லியில் ஒரு வெளிநாட்டு லைப்ரரியில் இரண்டு வாரம் தாமதமாகக் கிடைக்கும். நம் வீட்டில் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி, அண்ணாச்சி குளித்து, விபூதி பூசி, சனிக்கிழமை காலையில் அங்கே போய் நிற்பார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

அங்கேதான் அவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். விமானப்படையின் வானிலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜி. முனீர்காவில் வீடு. அவருக்கு அமெரிக்காவில் யாரும் இல்லை. சும்மா இருக்கும் மேகத்தைக் கண்டாலே கணக்குப் போடாமல் இருக்க முடியாத மனிதர், அவ்வளவுதான். பேராசிரியர் எப்போதும் கூட்டித்தான் சொல்வார் என்பது அவர் கட்சி. குறைத்துத்தான் சொல்வார் என்பது அண்ணாச்சி கட்சி. "ஏக் பீ நஹீ ஆயேகா ஜி" என்பார் சர்தார்ஜி, ஒன்றுகூட வராது என்று. "ஆயேகா ஜி, பராபர் ஆயேகா" என்பார் அண்ணாச்சி, ஏதோ வராவிட்டால் தன் மானம் போய்விடும் என்பதுபோல. இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து, யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டுவேன்.

புயல்களுக்கு அந்த ஊரில் பெண் பெயரெல்லாம் வைப்பார்கள். வேற்றுப் பெண்களின் பெயரை வீட்டில் உச்சரிக்க அண்ணாச்சிக்குக் கூச்சம். அதனால் வரிசைப்படி மூத்தவள், ரெண்டாமவள், மூணாமவள் என்பார். "மூணாமவ இப்பத்தான் கெளம்பியிருக்கா. நாலாமவ போக்கு சரியில்ல" என்று அவர் பஸ்ஸில் சொல்ல, முன் சீட்டில் இருந்த தமிழ் அம்மாள் ஒருவர் பரிதாபமாகத் திரும்பி, "எல்லாருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா சார்?" என்று கேட்டார்.

ஆபீஸில் ஒருமுறை எங்கள் அதிகாரி திடீரென்று செக்ஷனுக்குள் வந்து, தேங்கிக் கிடந்த ஒரு ஃபைலைக் கேட்டார். அண்ணாச்சி நீட்டிய அட்டைக்குள் ஃபைல் இல்லை. குண்டூசி குத்திய அட்லாண்டிக் வரைபடம் இருந்தது. "யே க்யா ஹை?" என்றார் அதிகாரி. அண்ணாச்சி எழுந்து நின்று, "ஹரிக்கேன் சார். கல் ஷாம் தக் ஜமீன் பே ஆயேகா" என்றார். நாளை மாலைக்குள் கரையைத் தொடும் என்று அர்த்தம். எந்தக் கரை என்று சொல்லவில்லை. அதிகாரி ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தார். பிறகு ராம்தாரியைக் கூப்பிட்டு ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நாலு மணிக்கே பாதி ஆபீஸ் காலி.

இதில் கொடுமை, டெல்லிக் காற்று அவர் கண்ணில் படாததுதான். ஒரு மே மாதம் ஆந்தி என்கிற புழுதிப் புயல் அடித்தது. ஊரே மஞ்சளாகி, மரக்கிளைகள் முறிந்து, அவர் வீட்டு பால்கனித் தகரம் பக்கத்து பிளாக்கில் போய் விழுந்தது. அண்ணாச்சி உள்ளே ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க அடிக்கிற காத்துக்கு சன்னலைச் சாத்த ஆளில்ல. இவுக கடலுக்கு அந்தப்புறம் சாத்தப் போறாக" என்றார் மதினி, அவர் மனைவி. அண்ணாச்சி ரேடியோவிலிருந்து காதை எடுக்காமலே சொன்னார்: "இதெல்லாம் ஒரு காத்தாட்டி."

மதினி ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை மந்திருக்குப் போவார். முருகனைப் பார்க்க ஐந்து நிமிடம், கீழே எஸ்.டி.டி. பூத்தில் மகளோடு பேசப் பத்து நிமிடம். இது அண்ணாச்சிக்குத் தெரியும். தெரியும் என்பது மதினிக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்குத்தான் நான் இருந்தேன். அண்ணாச்சி ஆபீஸில் பொதுவாகச் சொல்வதுபோல் சொல்வார்: "அந்த ஊர்க்காரங்க இப்பமே சன்னலுக்குப் பலகை வாங்கி வச்சுக்கிடணும்வே. பெறகு கிடைக்காது." நான் அதை மதினியிடம் சொல்வேன். மதினி பூத்தில் சொல்வார். "யாரும்மா சொன்னா?" என்று உமா கேட்டால், "பேப்பர்ல போட்டிருந்தான்" என்பார்.

ஐ.எஸ்.டி. நம்பர் போட மதினிக்கு வராது. நான்தான் போட்டுக் கொடுப்பேன். ஒரு ஞாயிறு அவர் கொடுத்த சீட்டில் நம்பர் வேறாக இருந்தது.

"ஊரு மாறிட்டாவ தம்பி" என்றார் மதினி. "சிகாகோவுக்கும் வடக்கயாம். கடலே கெடையாதாம். மாப்பிள்ளைக்கு அங்க வேலை."

"அண்ணாச்சிக்கு?"

"சொல்லாதிய. அந்தப் பிள்ளைய அவுக நெனைக்காகங்கிறதுக்கு இந்தப் புயல் ஒண்ணுதான் சாட்சி. அதுவும் இல்லன்னு சொல்லிட்டா எதை வச்சுப் பேசுவாக?"

நான் சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் சொல்லவில்லை. பலகையும் மெழுகுவத்தியும் தண்ணீர் கேனுமாகச் செய்திகள் என் வழியாகப் போய்க்கொண்டே இருந்தன.

அடுத்த சீசனில் பேராசிரியர் நிறைய வரும் என்று சொல்லியிருந்தார். வந்தது. செப்டம்பரில் ஒன்று, குறி வைத்ததுபோல் உமா இருந்த பழைய ஊரை நோக்கியே கிளம்பியது. அண்ணாச்சி மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, கேபிள் டி.வி. இருந்த சர்தார்ஜி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் நான் போனபோது சர்தார்ஜியின் மனைவி வைத்த பராட்டா தொடாமல் இருந்தது. முகத்தில் மூன்று நாள் தாடி. சர்தார்ஜிகூட அன்றைக்குப் புயல் வராது என்று வாதாடவில்லை.

"அன்னிக்குப் போன்ல நான் சொல்லிட்டேன்வே" என்றார் அண்ணாச்சி, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு. பெத்த வாயி. அதாம்வே இது இப்படித் தேடிக்கிட்டுப் போவுது."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, உமா அங்க இல்ல" என்றேன்.

அவர் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் சொன்ன வார்த்தைக்கு இன்னொரு பொருள் இருப்பது எனக்கு உறைத்தது. "ஊர் மாறிட்டா அண்ணாச்சி. நல்லா இருக்கா. வடக்கே, கடல் இல்லாத ஊர். ஒரு வருஷம் ஆச்சு" என்று அவசரமாகச் சொல்லி முடித்தேன்.

டி.வி. பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப இத்தன நாளா பலகை அடிக்கச் சொன்னது யாரு வீட்டுக்குவே?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "ஜி, அபீ தோ ஆயா ஹீ நஹீ" என்றார் சர்தார்ஜி, புயல் இன்னும் வந்து சேரவே இல்லையே என்று. அண்ணாச்சி வெயிலில் ஆர்.கே.புரம் வரை நடந்தே போனார்.

அதன் பிறகு வரைபடம் இல்லை, ரேடியோ இல்லை, சனிக்கிழமை இல்லை. ஃபைல்கள் மட்டும் மளமளவென்று நகர்ந்தன. அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். மதினியைப் பார்த்தபோது, "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னிய தம்பி" என்றார். "இப்ப வீட்டுல சத்தமே இல்ல." அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஜனவரியில், மூடுபனியில் எதிர் பிளாக் தெரியாத ஒரு காலையில், குரங்குக் குல்லாயோடு ஹீட்டர் முன்னால் கை காய்ச்சிக்கொண்டிருந்த அண்ணாச்சி திடீரென்று கேட்டார்: "அந்த ஊர்ல என்னவே வரும்?"

"பனி வரும் அண்ணாச்சி. ஆள் உயரத்துக்குக் கொட்டும்."

"ஆள் உயரமா." யோசித்தார். "வாசக்கதவு உள்ள தெறக்குமா, வெளிய தெறக்குமா? வெளிய தெறந்தா அடைச்சுக்கிடும்லா. கேட்டுச் சொல்லச் சொல்லும்."

"நீங்களே கேளுங்க" என்றேன். அவர் கொடுத்த செய்தியை நான் மறுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறு, நானும் மதினியும் பூத்துக்குப் போனபோது, அவர் எங்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் மாதிரி.

நம்பர் போட்டுக் கையில் கொடுத்தேன். "நாந்தான்" என்றார். அப்புறம், "வாசக்கதவு எந்தப் பக்கம் தெறக்கு?" என்றார். பதிலைக் கேட்டு, "அப்பச் சரி" என்றார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். மதினி வாங்கிக்கொண்டதும் வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"குரல் மாறிப்போச்சுவே" என்றார்.

மொத்தம் ஏழெட்டு ஞாயிறு பேசியிருப்பார். எல்லாம் கதவு, ஹீட்டர், கம்பளி பற்றித்தான். மார்ச்சில் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உமா வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. காத்திருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டு பால்கனியில், அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அப்பாவின் ஜாடை அப்படியே இருந்தது. என்னிடம் கேட்டாள்: "அண்ணா, அப்பா ஆபீஸ்ல என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாரா?"

இத்தனை வருடத்தில் அவள் பெயரை அவர் ஒரு தடவை சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

"தினமும் பேசுவார்ம்மா" என்றேன். அது பொய் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை.