சலவைக் கடைக்கு ஒரு ரசீது மெஷின்

அநியாயம் இழைக்கப்பட்டவள் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் போகப் போக ‘ஐயோ பாவம்’ என்று தோன்றப்போவது கணவரைப் பார்த்துத்தான். பதினோரு வருஷமாகச் சலவைக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து, எந்தச் சட்டை யாருடையது என்று ஒரு தடவைகூட மாறாமல் எடுத்துக் கொடுத்தவள் அவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் கவுண்டரிலேயே ஒரு ரசீது மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அதோடு நின்றாரா? சுவரில் அறிவிப்பு வேறு ஒட்டினார்: ‘டோக்கன் இல்லாதவர்களுக்கு எதுவும் தரப்பட மாட்டாது. இப்படிக்கு, நிர்வாகம்.’

நிர்வாகம் என்றால் அவர்தான். பனியனோடு நின்று இஸ்திரி போடுகிற நிர்வாகம்.

அவளுடைய முறை எளிது. துணி வந்ததும் காலரின் உள்பக்கம் ஒரு கலர் நூல் முடிச்சு. மஞ்சளில் இரண்டு முடிச்சு வக்கீல், பச்சையில் மூன்று பல் டாக்டர். இந்தக் காலத்தில் நூலா என்று அவர் வெளியே சலித்துக்கொண்டார். உள்ளே உறுத்தியது நூல் இல்லை, நாற்காலி. கடையில் இருப்பதே ஒரு சுழல் நாற்காலி. பதினோரு வருஷமாக அவள் சுழல்கிறாள், அவர் நிற்கிறார். மெஷின் வந்தால் நூல் போகும். நூல் போனால் நாற்காலி காலியாகும். திட்டம் இவ்வளவுதான்.

மெஷின் விற்றவர் பொறுமையாகத்தான் விளக்கினார். “ரெண்டு வகை இருக்கு சார். இது ரிப்பன் மேல ஊசி குத்திக் குத்தி அடிக்கும். மெதுவா ஓடும், சத்தம் போடும், ஆனா சூட்டுக்கெல்லாம் அசையாது. அது தெர்மல். மை கிடையாது, ரிப்பன் கிடையாது. காகிதத்துல ஒரு பூச்சு இருக்கும், மெஷின் சுடுற இடம் மட்டும் கறுக்கும். சத்தம் அவ்வளவா வராது, தானா வெட்டிக்கும். உங்களுக்கு என்ன தொழில்? காகிதத்து மேல சூடு படுமா?”

விற்பவர் டை கட்டியிருந்தார். அந்த டையைப் பார்த்துக்கொண்டு இஸ்திரிக் கடை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

“ஏசி ஆபீஸ்,” என்றார். தெர்மல் வந்தது.

மறுநாள் திறப்பு விழா. முந்தின நாள் போட்ட சட்டையையே இன்னொரு தடவை தேய்த்து மாட்டிக்கொண்டு நின்றார்.

“மை எங்க ஊத்துவீங்க?” என்றாள் மனைவி.

“மையே கிடையாது. சூடு பட்டா காகிதம் தானா கறுக்கும். அதான் எழுத்து.”

அவள் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “எந்தச் சூடு பட்டாலுமா?”

“சூடுன்னா சூடுதான். உனக்கு இதெல்லாம் புரியாது, விடு.”

“சரிங்க. எனக்குப் புரியல.”

அந்தப் பணிவில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே? “இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் மெஷின் ஒழுங்கா ஓடுச்சுன்னா நாற்காலி எனக்கு. நீ இஸ்திரி போடு,” என்றார்.

“ஓடலைன்னா?”

“ஆயுசுக்கும் நாற்காலி உனக்கு.”

அன்று பார்த்து பஸ் டிப்போவில் நாலு மணிக்குச் சீருடைப் பரிசோதனை. ஓட்டுநர்கள் இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு நீலச் சட்டையோடு வந்தார்கள். மெஷின் சொய்ங் என்று டோக்கன் தள்ளியது, இரண்டு பாதியிலும் ஒரே நம்பர். ஒரு பாதி ஓட்டுநர் கையில், மறு பாதி, தொலையாமல் இருக்க, சட்டைப் பைக்குள். அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அவள் ஒவ்வொரு சட்டையாக வாங்கி, உதறி, மடித்து நீட்டினாள். உதற இவ்வளவு நேரமா என்று அலுத்துக்கொண்டார். பிறகு ஒரு மூச்சில் இருபத்திரண்டையும் தேய்த்து முடித்தார். பைகளை மட்டும் இரண்டு தடவை அழுத்தி.

மூன்றரைக்கு முதல் ஓட்டுநர் ஏழாம் நம்பரை நீட்டினார். நிர்வாகம் ஒரு பைக்குள் விரலை விட்டது. வெளியே வந்தது ஒரு கறுப்புத் துண்டு. அடுத்த பை, அதுவும் கறுப்பு. இருபத்திரண்டும் அடுப்புக்கரிக்கு உடன்பிறந்தவை.

குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஓட்டுநர் போட்டுப் பார்த்தார். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண்.

“அண்ணே, இது என் சட்டைன்னா, இந்த வயிறு யாரோடது?”

பின்னால் இருபத்தோரு பேர். வெளியே ஹாரன். டிப்போ வேலை கைவிட்டுப் போனால் கடையில் பாதி போச்சு. வியர்த்துக் கொட்ட, அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் நாற்காலியை ஒரு சுற்று சுற்றிவிட்டு எழுந்தாள். காலரைப் புரட்டினாள். சிவப்பு ஒரு முடிச்சு, வயிறுக்காரர். நீலம் இரண்டு, மீசைக்காரர். பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டும் உரிய தோள்களுக்குப் போய்ச் சேர்ந்தன. உதறலுக்கு ஏன் அவ்வளவு நேரம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

கோபத்தை எங்காவது இறக்கியாக வேண்டுமே. விற்றவருக்குப் போன் போட்டு, நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“உங்க காகிதம் இஸ்திரிப் பெட்டி பட்டா கறுக்குதுங்க.”

“ஏசி ஆபீஸ்ல எதுக்கு சார் இஸ்திரிப் பெட்டி?”

கடைசியாக நின்ற ஓட்டுநர் நிமிர்ந்து, கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஃபேனை மரியாதையோடு பார்த்தார்.

“சரி விடுங்க சார். ரிப்பன் மெஷினா மாத்தித் தர்றேன். பில் மட்டும் கொண்டு வாங்க.”

இவர் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். காலையில் திறப்பு விழாவுக்காகத் தேய்த்த சட்டை. கையோடு வந்தது இருபத்து மூன்றாவது கறுப்புத் துண்டு.

“பில் நம்பராவது தெரியுமா சார்? அது போதும்.”

“நம்பரை நேத்தே என் நோட்டுல எழுதி வச்சிட்டேன்,” என்றாள் மனைவி.

“தெய்வமே, அதைக் கொஞ்சம் குடு.”

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜை இழுப்பறை மேல் கையை வைத்துக்கொண்டு, சுவரில் அவர் ஒட்டிய அறிவிப்பைக் காட்டினாள்.

“டோக்கன் இருக்கா?”