ஒரு கட்டை விரலால் நான் நடத்தி வைத்த கல்யாணம்

ஆஸ்டின் டவுனில் இருபதுக்கு முப்பது மனையில் மூன்று மாடி கட்டியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் மணல் சட்டி சுமந்தேன், பிறகு சென்ட்ரிங் மேஸ்திரி ஆனேன், அதற்கப்புறம் காண்ட்ராக்டர். இந்த ஊரில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிற கட்டடங்களில் பலவற்றின் கூரை காயும்வரை அதைத் தாங்கி நின்றவை என் பலகைகள்தான். எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் வந்ததும் என்னால்தான். (ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தேன். பன்னிரண்டாவது தடவை அவர்களே பயந்துபோய்க் குழாய் போட்டார்கள்.) அப்பா போன பிறகு தங்கை மங்கையைப் படிக்க வைத்துக் கல்யாணம் பண்ணிக் கொடுத்ததும் நான்தான்.

இவ்வளவு செய்தவன், உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு போனில் கவிழ்ந்தேன். அதை ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மனைவி தனம் எழுதுகிறாள். பத்தாவது பாஸ். அவளாக எதையும் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். (தண்ணீருக்கு நடந்தது ஆறு தடவை. – தனம்)

போனை வாங்கிக் கொடுத்தது என் மகன். ஒரே வாரத்தில் என்னைக் குடும்ப குரூப், தெரு குரூப், கோயில் கமிட்டி குரூப், பழைய மேஸ்திரிகள் குரூப் என்று நாலில் சேர்த்துவிட்டார்கள். இந்தக் குரூப்புகளை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தனத்துக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் தெரு குரூப்பில் போட்டார். நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவரோடு எனக்கு ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அதே குரூப்பில் யாரோ போட்ட மூட்டுவலி மருந்தைக் குடித்து மூன்று நாள் நான் கழிப்பறையைவிட்டு வெளியே வரவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

என் சிக்கல் வேறு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருவது தமிழ் மட்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளோ இங்கே கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள். தமிழை வாய் நிறையப் பேசுவார்கள், எழுத வராது. அதனால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் போடுவார்கள். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லலாம். மூன்று மாடி கட்டியவன் எப்படிச் சொல்வான்? (என்னைக் கேட்டிருந்தால் படித்துச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. – தனம்)

ஆகவே எது வந்தாலும் ஒரு கட்டை விரல் போட்டுவிடுவேன். எங்கள் தொழில் பழக்கம் அது. மேலே இருப்பவன் பலகையை இறக்கும்போது கீழே இருப்பவன் "ஆங்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால்தான் அவன் கையை விடுவான். கூப்பிட்டவனுக்குப் பதில் கொடுப்பது மரியாதை இல்லையா? ஒரு சாவுச் செய்திக்கும் கட்டை விரல் போய், தனத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு ஒரு திருத்தம் செய்தேன். மாலை போட்ட படம் என்றால் அழுகிற முகம், மற்றதெல்லாம் கட்டை விரல். கோயில் கமிட்டிக்குப் புதிய தலைவர் வந்து, மாலையோடு அவர் படமும் வந்தது. நான் அழுதேன். அவர் இன்றைக்கும் எனக்குச் சுண்டல் குறைவாகத்தான் கொடுக்கிறார்.

ஒரு நாள் காலை, தாடி மழித்துக்கொண்டிருக்கும்போது மங்கையின் மகள் நித்யாவிடமிருந்து ஒரு மெசேஜ். குரூப்பில் இல்லை, எனக்கு மட்டும். முழங்கை நீளம். ஏதோ உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். சோப்புக் கையோடு ஒரு கட்டை விரல்.

பத்து நாள் கழித்து மங்கை போன் பண்ணினாள். நித்யாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், அண்ணன் வந்து நடுவில் உட்கார வேண்டும் என்றாள். தாய்மாமன் இல்லாமல் என்ன பேச்சு? கஞ்சி போட்ட சட்டை, இரண்டு சீப்பு வாழைப்பழம், தனத்தோடு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் ஆனேக்கல்காரர்கள். வீட்டில் பேசுவது கன்னடம். பையன் பெயர் கிரீஷ். நித்யாவும் அவனும் ஒரே ஆபீஸ், மூன்று வருஷப் பழக்கம், அவர்களே பேசி முடிவு செய்தது என்பதெல்லாம் கேசரி கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது என்பது அதற்கடுத்த நிமிஷம் தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னைக் கேக்காம இந்தக் குடும்பத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல. இவ்ளோ தூரம் யாரு முடிவு பண்ணது?"

காண்ட்ராக்டர் குரல். மூன்றாவது மாடிக்குக் கேட்கும் குரல். பையனின் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மங்கையின் வீட்டுக்காரர் லோகநாதன் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். அவர் மெதுவாகச் சொன்னார்: "மச்சான், மொதல்ல நான் ஒத்துக்கல. நீங்க சரின்னதாலதான் ஒத்துக்கிட்டேன்."

"நான் எப்பய்யா சொன்னேன்?"

நித்யா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோர் முன்னாலும் அந்த முழங்கை நீளத்தைப் படித்தாள்.

"மாமா, நேர்ல சொல்ல பயமா இருக்கு. என் ஆபீஸ்ல கிரீஷ்னு ஒருத்தர். கன்னடக்காரங்க. அப்பாவ கேட்டா, உங்க மாமா சரின்னா எனக்கும் சரின்றார். அம்மாவ வளத்ததே நீங்கதானே. நீங்க வேணாம்னா விட்டுடறேன், திரும்பக் கேக்கமாட்டேன். பெருசா எதுவும் எழுத வேணாம் மாமா. ஒரு கட்டை விரல் போதும்."

கீழே என் கட்டை விரல், மஞ்சள் நிறத்தில், நன்றாக நிமிர்ந்து நின்றது. அவள் அனுப்பிய அதே நிமிஷத்தில் போட்டிருந்தேன்.

"நீங்க யோசிக்கக்கூட இல்ல மாமா," என்றாள். "அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன்."

படிக்கவில்லை என்று சொன்னால் அந்த இடத்திலேயே கல்யாணம் நின்றுபோகும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாது என்பதும் சபையேறும். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பாதி அவளுக்காக.

"படிச்சேம்மா, படிக்காம என்ன? மாப்பிள்ளை சத்தத்துக்குப் பயப்படறாரான்னு பாத்தேன்" என்று கேசரித் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டேன்.

கிரீஷின் அம்மா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தார். "அவன விடுங்க சார், நான் பயந்துட்டேன்" என்றார் நல்ல தமிழில். எல்லோரும் சிரித்தார்கள். தனம் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி சிரித்தாள்.

அடுத்த வாரம் நித்யாவிடமிருந்து இன்னொரு நீள மெசேஜ். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக் கட்டை விரல் போட்டேன். அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. போனைப் பார்த்துப் படித்தாள்: "மாமா, ஆஸ்டின் டவுன் வீட்ட என் பேர்ல எழுதிக் குடுங்க. மூணு மாடியும்."

அதற்குக் கீழே நின்ற என் கட்டை விரலைக் காட்டினாள்.

"அன்னிக்கு தனம் அத்தை சிரிச்சப்பவே சந்தேகம் வந்துச்சு. அப்ப அதையும் நீங்க படிக்கல. அப்பாவ நான் ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லுங்க மாமா, நிறுத்திடறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிறுத்தக்கூடிய பெண்தான்.

"எனக்கு அந்த எழுத்து தெரியாதும்மா" என்றேன். இத்தனை வயதில் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொன்னதில்லை. கூரைப் பலகை ஒன்று கழன்று தோளில் விழுந்த மாதிரி இருந்தது, வலியும் கொஞ்ச நேரம்தான். "படிச்சிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பையனப் பாத்திருக்கவே மாட்டேன். இப்ப பாத்துட்டேன். நான் கத்தினப்போ எல்லாரும் என்னப் பாத்தாங்க. அவன் உன்னப் பாத்தான், நீ அழறியான்னு. எனக்கு அது போதும். சரி. இது வாயால சொல்றது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வீடு?" என்றாள்.

"காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன்.

கல்யாணம் ஆகி மூன்று வருஷமாகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது கேட்காமலே தலையாட்டினால், "என்ன, மாமா விரலா?" என்கிறார்கள். கடைக்குட்டிகள்வரை சொல்கிறார்கள். ஆனேக்கலிலும் சொல்கிறார்களாம். நித்யா எனக்கு இப்போதெல்லாம் பேசித்தான் அனுப்புகிறாள். கடைசியில் "மாமா, கேட்டுட்டுப் போடுங்க" என்பாள்.

அதெல்லாம் இருக்கட்டும். போன வாரம் அவர்களுடைய கல்யாண நாள். குடும்ப குரூப்பில் நித்யா போட்டதைத் தனத்தைவிட்டுப் படிக்கச் சொன்னேன். (இப்போது கேட்கிறார். – தனம்) அப்பா, அம்மா, மாமியார், ஆபீஸ் சிநேகிதர்கள், பிரியாணி போட்டவர் வரைக்கும் நன்றி. என் பெயர் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிறப்பால் வந்தது, அதற்கு நான் ஒன்றும் பாடுபடவில்லை. குடும்பத்தில் மற்ற எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரே நிமிஷத்தில் சம்மதம் கொடுத்த ஆள் ஒருவன்தான். அவன் யார் என்பதை நித்யா அந்த குரூப்பில் எழுத வேண்டும். பிரியாணிக்காரருக்கு மேலே எழுத வேண்டும்.