அவித்துத் தின்ற பாடம்

அறிவியல் வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பினால் ஆபத்தில்லை. வாத்தியாரே நம்பிவிட்டால்தான் வம்பு. எனக்கு இளவயதிலேயே அந்த வியாதி முற்றியிருந்தது.

சுதந்திரம் வந்த மறுவருஷம். பள்ளிகளுக்குத் தமிழில் புது அறிவியல் பாடங்கள் எழுத, மெட்ராஸிலிருந்து தாவரவியல் டாக்டர் ஒருவர் செஞ்சிக்கு வந்து எங்களோடு உட்கார்ந்தார். ஆளுக்கொரு பாடம் எழுதினோம். என்னுடையதை முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டார். அவருக்குப் பிடித்தது அருள்மேரி டீச்சரின் பாடம்.

டீச்சர் எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர், கடலை விதைக்கிற குடும்பம். வேர்க்கடலை வேரில் காய்ப்பதில்லை என்பதுதான் அவர் எழுதிய பாடம். மேலே பூத்த பூவிலிருந்து ஒரு காம்பு இறங்கி, மண்ணைத் துளைத்துப் போய் உள்ளே காய்க்கிறது. (வேரில் காய்க்கிறது என்றுதான் அதுவரை நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.) பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று, ஒரு பக்கம் கண்ணாடி பதித்த மரப்பெட்டியில், தை மாதத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றிச் செடி வளர்த்தார்.

டாக்டர் கறாரான மனிதர். "கண்ணால பார்த்தாதான் புத்தகத்துல சேர்ப்பேன். ஞாயித்துக்கிழமை வரேன், மறுநாள் அச்சுக்குப் போகுது" என்றார்.

கோடை விடுமுறையில் பள்ளிக்குள் ஆடுகள் நுழையும் என்று பெட்டியை என் வீட்டில் வைத்தோம். அதை மூடியிருந்த சாக்கைப் பார்த்து என் மனைவி கேட்டாள்.

"இன்னாங்க இது?"

"சயின்ஸ். உனக்குப் புரியாது."

ஞாயிறு காலை எனக்கு விருந்தோம்பல் பொங்கியது. மெட்ராஸ்காரருக்குச் செஞ்சியின் பச்சைக்கடலை கொடுக்க வேண்டாமா?

"பச்சைக்கடலை அவிச்சு வை" என்றேன்.

"இந்த வெயில்ல ஏதுங்க பச்சைக்கடலை? காடெல்லாம் காஞ்சு கெடக்குது."

"எங்கேயாவது பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். (எந்தப் பருவத்தில் எது விளையும் என்பது அறிவியலில் சேராது என்று நினைப்பு.)

டாக்டரும் டீச்சரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆவி பறக்கக் கடலை வந்தது. டாக்டர் ரசித்துத் தின்றார். நான் அவரைவிட அதிகமாகத் தின்றேன்.

"அருமையா இருக்கே. எந்த நிலத்துக் கடலைம்மா?"

"நிலமா? ஊரெல்லாம் தேடிட்டேன், கிடைக்கல. நல்லவேளை, நம்ம பொட்டியிலயே இருந்துது" என்றாள் மனைவி.

டீச்சர் எழுந்து போய்ச் சாக்கை விலக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் மண். திரும்பி வந்து, தட்டில் மிச்சமிருந்த ஒரு கடலையை எடுத்து, உரித்து, மெதுவாக மென்றார்.

"நல்லாத்தான் இருக்குது சார். உப்புதான் கொஞ்சம் கம்மி."

அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டரும் வருத்தப்பட்டார், ஆனால் பிடிவாதத்தை விடவில்லை. புத்தகத்தில் பட்டாணிப் பாடம் வந்தது. எங்கள் பிள்ளைகள் பார்த்தேயிராத பச்சைப் பட்டாணியைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தார்கள்.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மனைவி என்னைப் பார்த்து, "பாடம் அவிக்கட்டுங்களா?" என்பாள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

டீச்சர் வேலையில் இருந்தவரை வருஷாவருஷம் தன் வகுப்புக்கு ஒரு பெட்டி வளர்த்தார். காம்பு மண்ணைத் தொடுகிற வாரம் என் மனைவிக்கு ஆள் அனுப்புவார். அவளும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பூரித்துப்போய்ச் சொல்வாள். என்னை மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.