‘நானே’ தொட்டி இறைத்த கதை

ஆள் கூப்பிடாத மனிதர் என்று ஒரு வகை உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிட மாட்டார். ஃபேன் முனகினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட மாட்டார். பல் வலித்தால் மட்டும், அதுவும் கண்ணாடி முன்னால் கையில் இடுக்கியோடு கால் மணி நேரம் யோசித்த பிறகு, அரை மனதாக டாக்டரிடம் போவார். கஞ்சத்தனம் என்று நினைத்தால் அவரை அவமதிக்கிறீர்கள். ஒரு திருகாணியை முடுக்குவதற்காக அவர் வாங்கிக் குவித்திருக்கும் கருவிகளை வைத்து ஒரு கடையே திறக்கலாம். அவருக்கு வேண்டியது வேறு. வேலை முடிந்த பிறகு யாராவது வந்து, “அட, யாரு செஞ்சது?” என்று கேட்க வேண்டும். அவர், “நானே” என்று சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்பதுபோல் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக வீட்டையே பிரித்துப் போடுவார்.

நாம் பார்க்கப் போகிறவருக்கு மனைவி வைத்திருந்த பெயரே ‘நானே’. அவர் வீட்டுப் பின்புறத்தில் ஒரு நீச்சல் தொட்டி உண்டு. பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மண்ணில் குழி வெட்டி, அதற்குள் ஒரே வார்ப்பான ஃபைபர் தொட்டியை இறக்கி வைத்தது. நாலு பேர் இறங்கினால் ஐந்தாவது ஆள் யோசிப்பார்.

அந்தத் தொட்டி இப்போது பச்சையாக இருந்தது. பத்து நாள் மழையும், நானே தன் கையால் கலந்து ஊற்றிய மருந்தும் சேர்ந்து செய்த வேலை. மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவும் அத்தானும் மகனோடு வருகிறார்கள். போன தடவை வந்தபோது அந்தப் பையன், தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நானேயின் ஒன்பது வயது மகளைப் பார்த்து, “நிக்கறதுக்கு எதுக்கு நீச்சல் டிரஸ்ஸு?” என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து ஆறு மாதம், அந்தப் பெண் தொட்டியே கதி என்று கிடந்து கற்றுக்கொண்டாள். இந்த ஞாயிறு, சுவரைத் தொடாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. காலண்டரில் மூன்று நிறத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை மனைவி கெஞ்சிப் பார்த்தாள். “தொட்டி கழுவறவரைக் கூப்பிடுங்க. இந்த ஒரு தடவை. பாப்பாவுக்காக.”

“எதுக்கு? தண்ணிய எறைக்கணும், தேய்க்கணும், திருப்பி ரொப்பணும். இதுல என்ன இருக்கு?”

இதுல என்ன இருக்கு! இந்த மூன்று சொல்லை உங்கள் வீட்டில் யாராவது சொல்லக் கேட்டால், முக்கியமான காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். விசாரணை அப்புறம்.

தொட்டி கழுவுகிறவர் அப்போது பக்கத்து வீட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மதில் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

“சார், எறைக்கப் போறீங்களா?”

“ஆமா.”

“முழுசா எறைச்சுடாதீங்க சார். பத்து நாளா மழை, அடியில மண்ணெல்லாம் ஊறிக் கெடக்கு. பாதித் தண்ணி நிக்கட்டும். மதியம் நான் வந்து பாக்கறேன்.”

“சரி, சரி.”

இந்த வகையினர் ஒரு முறை சரி என்றால் காதில் விழுந்தது என்று பொருள். இரண்டு முறை என்றால் விழவில்லை. வேலை பிடிக்க வழி பார்க்கிறார் என்று நானே மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

பிறகு சடங்குகள் தொடங்கின. முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, பட்டப்பகலில் நெற்றியில் ஒரு விளக்கு. புது மோட்டார் தண்ணீரை இழுக்க மறுத்தது. எப்படி இயக்குவது என்று விளக்கும் சிறு புத்தகம் பெட்டிக்குள்ளேயே உறை பிரியாமல் இருந்தது. அதைப் படிப்பதும் ஆள் கூப்பிடுவதும் அவருக்கு ஒன்றுதான். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் வந்தது. முதல் மடக்கு உள்ளேயே போய்விட்டது. “கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு” என்பதற்கு மேல் அது பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

பதினோரு மணிக்குத் தொட்டி காலி. உள்ளே இறங்கி, நீளப் பிரஷ்ஷால் பாசியைத் தேய்க்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் தேய்த்தார், அதைச் சொல்லியாக வேண்டும். அடியில் தான் போன வருடம் பசை வைத்து ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் மூடி இன்னும் கல்லு போல் இருப்பதைப் பார்த்து, அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பாராட்டினார்.

மகள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, மொதல்ல உன் தலை தெரியல. இப்பத் தெரியுது.”

“சுத்தமாயிட்டு வருதில்ல, அதான்.”

இதற்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்காதீர்கள். பதில் தெரியாத கேள்விக்கு உடனே பதில் சொல்வது இந்த இனத்தின் பிறவிக் குணம்.

சற்று நேரத்தில் எங்கோ கர்ரென்று ஒரு சத்தம். நிமிர்ந்தார். சமையலறை ஜன்னல் மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தது. வாசற்படி போனது. மகளும் போய்க்கொண்டிருந்தாள். அவருடைய அறிவுக்கு எட்டிய முடிவு ஒன்றுதான்.

“வீடு எறங்குது! எல்லாரும் வெளிய வாங்க!”

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். வீட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“வீடு எங்கயும் போகல. நீங்கதான் மேல வந்துட்டு இருக்கீங்க.”

உண்மை அதுதான். காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் என்ன செய்யும்? ஊறிய மண்ணுக்குள் காலித் தொட்டி அதையே செய்தது. நானேயைச் சுமந்துகொண்டு, பூட்ஸ், பிரஷ், நெற்றி விளக்கு சகிதம், கம்பீரமாக எழும்பிக்கொண்டிருந்தது.

தொட்டி கழுவுகிறவர் மதிலையே தாண்டிக் குதித்து வந்தார். “மொதல்ல ஏறி வாங்க சார்! அம்மா, குழாயத் தொறந்து உள்ள விடுங்க! தண்ணி லாரிக்குச் சொல்லுங்க!” பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். “அடியில ஒரு சின்ன மூடி ஆடிட்டே இருக்குமே? ஊத்துத் தண்ணி முட்டினா அது தானாத் தொறந்து உள்ள விடும். தொட்டி எழும்பாது. அத யாரு பசை போட்டு ஒட்டினது?”

வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. நானே தன் பூட்ஸைப் பார்த்தார்.

“அவரேதான்” என்றாள் மனைவி.

லாரி வந்து தண்ணீர் விழ விழத் தொட்டி எழும்புவது நின்றது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஒரு அடி உயரத்தில், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மகள் காலண்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது விளக்கம் சொல்லித் தப்பித்திருப்பார்.

“அண்ணே” என்றார் நானே, தொட்டி கழுவுகிறவரிடம். “நாளைக்குப் புள்ள நீந்தணும். என்ன பண்ணணும்னு நீங்க சொல்லுங்க. சொன்னதச் செய்யறேன்.”

“அந்தப் பிரஷ்ஷ இப்படிக் குடுங்க. மொதல்ல அதுதான்.”

கொடுத்தார். பிடி என்றபோது பிடித்தார், விடு என்றபோது விட்டார். சாயங்காலம், “குழாய் ரெண்டு ஒடஞ்சிருக்கு, ஆனா தொட்டியில கீறல் இல்ல. நாளைக்கு ஒரு நாளுக்குப் பயமில்ல. திங்கக்கெழம வந்து சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டு அவர் போனார். நம் ஆள் திருந்திவிட்டார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பெண் கரையைத் தள்ளிவிட்டுக் கிளம்பினாள். பாதியில் ஒரு முறை வாயில் தண்ணீர் போய்த் திணறினாள். அத்தை மகன் பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கரையைத் தொட்டுவிட்டு, “நின்னுட்டேனா?” என்று கேட்டாள். பையன் மிச்ச பிஸ்கட்டை அவளிடம் நீட்டினான். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெறித்துவிட்டது என்றார். அவர் நின்றது பத்தடி தள்ளி.

அத்தான் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விளிம்பைத் தட்டிப் பார்த்தார்.

“மாப்ளே, போன தடவ இது தரையோட தரையாத்தானே இருந்துச்சு?”

மனைவி கையிலிருந்த துண்டு அந்தரத்தில் நின்றது.

“ஆமா அத்தான். மழைத் தண்ணி சேறோட உள்ள ஓடி வந்துட்டே இருந்துச்சு. அதான் ஒரு அடி ஏத்தியாச்சு.”

“தொட்டியவேவா? யாரு செஞ்சது?”

“நானே” என்றார், வேறு பக்கம் பார்த்தபடி. கொடுமை என்னவென்றால், அந்தப் பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“எப்படின்னு சொல்லு மாப்ளே. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. ஆளெல்லாம் எதுக்கு? இதுல என்ன இருக்கு?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த மூடி விஷயத்தைப் படிக்கும்போது, ‘நானா இருந்தா அத ஒட்டியிருக்க மாட்டேன், பக்கத்துல சின்னதா இன்னொரு ஓட்டை போட்டு...’ என்று உங்கள் மனதுக்குள் ஒரு யோசனை கிளம்பியதே, அது என்ன? எதற்கும் எழுந்து போய், உங்கள் இடுக்கி வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வீட்டில் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடாதீர்கள்.