கண்ணாடிக் கூட்டில் ஒரு பிட்டு

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். இங்கு என் மூளையைத் தவிர அனைவரும் நலம். அங்கு உங்கள் மூளை நலமாகத்தான் இருக்கும். அதை நீங்கள் அதிகம் சிரமப்படுத்துவதில்லையே.

பக்கவாதம் வந்து போனதில் கை கால் தேறிவிட்டது, ஞாபகம்தான் மக்கர் செய்கிறது என்றதற்கு, "அக்குபங்சர் போங்க மாப்பிள, மறந்ததெல்லாம் வரிசையா வந்து நிக்கும்" என்று போனில் சொன்னீர்கள். போனேன். ஊசிக்காரர் தலையில் ஒன்பது, காதில் மூன்று, முழங்காலுக்குக் கீழே இரண்டு என்று குத்தினார். "மறதிக்குக் கால்ல எதுக்குங்க?" என்றேன். "மூளைக்கு வழி அங்கேருந்துதான் ஐயா" என்றார். என் மூளை முழங்காலில் இருப்பதாக உங்கள் தங்கை இத்தனை வருடம் சொல்லிவந்ததை ஒரு வைத்தியரே உறுதிசெய்துவிட்டார். இருபது நிமிடம் அசையக் கூடாது. எனக்கு மூக்கு இருப்பது மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது, அரித்தது.

ஆஸ்பத்திரி ஞாபகப் பரீட்சையில் தேறும்வரை வாசல் சாவி என் கைக்கு வராது என்பது உங்கள் தங்கையின் சட்டம். நான் தெரு மாறிப்போய், யாரோ வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேனாம். படித்தேன், நல்ல பேப்பர். அவளையே ஒரு வாரம் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

பரீட்சை இதுதான்: நர்ஸ் ஐந்து வார்த்தை சொல்வார், ஐந்து நிமிடம் வேறு கேள்வி கேட்டுவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வார். முதல் தடவை இரண்டு சொன்னேன், அடுத்த தடவை பூஜ்யம். இரண்டு தடவையும் அதே ஐந்து வார்த்தைகள்தானாம், கூட இருந்த உங்கள் தங்கை ஐந்தையும் ஒப்பித்துக் காட்டினாள். கேள்வித்தாளை மாற்றாத பரீட்சையைக் கண்டால், முப்பத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்தவன் கை சும்மா இருக்குமா? நானே பிட்டு எழுதினேன். எழுத்து கோணிப்போய் பதினொன்றைக் கிழித்துப் போட்டு, பன்னிரண்டாவதைக் கண்ணாடிக் கூட்டில் வைத்தேன். மூன்றாவது பரீட்சையில், துடைப்பதுபோல் கண்ணாடியைக் கழற்றி, கூட்டைத் திறந்து ஒரே ஒரு பார்வை. குடை, சிங்கம், மேசை, தேன், பச்சை! நர்ஸ் கைதட்டினார். ஊசிக்காரர் என் மார்க்கைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சாவியை நீட்டினாள்.

அங்கேதான் மச்சான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை பிள்ளைகளை அழ அழ வெளியே அனுப்பியிருக்கிறேன்! காப்பியடித்துச் சம்பாதித்த சாவியை எந்த முகத்தோடு வாங்குவது? "இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டேன். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஊசி யோசனை உங்களுடையது, திட்டிலும் பாதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். யார் பெரியவர், யார் சிறியவர் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
ஊசி தாங்கிய மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, நான்தான். கவரை ஒட்டச் சொன்னார், படிச்சிட்டு ஒட்டுறேன். பரீட்சைக்கு முந்தின நாளே அந்தப் பிட்டை எடுத்துட்டு, கண்ணாடிக் கடை ரசீதை மடிச்சு வெச்சது நான். கண்ணாடியைக் கழட்டினா இவருக்கு என்னையும் பீரோவையும் வித்தியாசம் தெரியாது, பிட்டைப் படிச்சாராம்! அஞ்சு வார்த்தையும் இவர் மண்டையிலிருந்து வந்ததுதான். ஊசியா, பன்னிரண்டு தடவை எழுதினதா, எனக்குத் தெரியலை. பிட்டுல ஆறாவதா ஒண்ணு எழுதியிருந்தார், எந்த நர்ஸும் கேட்காதது. என் பேர். சாவியை இப்பத்தான் அந்தக் கண்ணாடிக் கூட்டுல வெச்சேன்.