பரிந்துரைக்கப்பட்ட சொந்த உணர்வு

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் எந்த உணர்வும் இல்லாமல் வெளியேறுகிறார்கள் என்ற விஷயம் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள், மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காருகிறார்கள், போய்விடுகிறார்கள். இந்நிலை நீடிக்க அனுமதிக்க இயலாது என்று ஒரு குழு கூடி, வயிறாரச் சாப்பிட்டு, ஒருமனதாகத் தீர்மானித்தது. நவீன ஓவியம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பலகை முளைத்தது. 'பரிந்துரைக்கப்பட்ட சொந்த உணர்வு: ஏக்கம்.' அடுத்ததில், 'வியப்பு.' மேற்பார்வைக்கு ஓர் உணர்வுக் கண்காணிப்பாளரையும் நியமித்தார்கள்.

இதெல்லாம் பிரேக் அக்காவுக்குத் தெரியாது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தாலும் அவள் கால் தன் பக்கத்துப் பிரேக்கை விட்டு எழாது. அதனால் அந்தப் பெயர். புருஷன் செத்துப்போனதிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"வாங்க அண்ணி, நாலு படம் பார்த்தா மனசு மாறும். இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க" என்று நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு படத்துக்கு முன்னால் அக்கா நின்றுவிட்டாள். பழுப்பில் பெரிய சதுரம். அதன் அடியிலிருந்து பிதுங்கும் மஞ்சள் உருண்டை. உருண்டைக்குப் பின்னால் இரண்டு தடித்த கோடுகள். தலைப்பு, 'இருப்பின் விளிம்பு'. பலகை, 'அமைதியின்மை'.

அக்கா குபீரென்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "என்னம்மா இது? பலகையப் படிக்கலையா?"

"படிச்சேன் சார். எனக்குச் சிரிப்புதான் வருது."

"சிரிப்புக்கு இந்த அறையில வசதி இல்ல. மாடிக்குப் போங்க. அங்க ஒரு படத்துக்கு லேசான புன்னகை வரைக்கும் அனுமதி உண்டு."

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. கொஞ்ச நேரம் அமைதியில்லாம இருங்களேன்" என்றாள் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லாப் பாருடி. கட்டிலுக்கு அடியில உங்க அண்ணன் செருப்புத் தேடுறாரு. தல உள்ள, மத்ததெல்லாம் வெளிய. இங்கதான் வெச்சேன், இங்கதான் வெச்சேன்னு..."

நாத்தனார் பார்த்தாள். அண்ணனேதான். அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. என்னதான் இருக்கிறது என்று குனிந்து பார்த்த கண்காணிப்பாளர், "ஐயையோ, எங்க மாமனாரு!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தார்கள். கூடமே அதிர்ந்தது.

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். மறுபடி குழு, மறுபடி சாப்பாடு. 'அமைதியின்மை' அழிக்கப்பட்டு 'சிரிப்பு' எழுதப்பட்டது.

பிறகு ஊரே அங்கே சிரிக்கப் போனது. சிரிக்காமல் திரும்பியவர்களுக்கு ரசனை இல்லை என்று சம்பந்தம் பேசுவதில்கூடச் சிக்கல் வந்தது. நாத்தனார் வீட்டு முன்னறையில் வகுப்பு ஆரம்பித்தாள்: முதலில் திகைப்பு, பிறகு தலையைச் சாய்த்து 'இங்கதான் வெச்சேன்' என்று முணுமுணுப்பு, அதன் பின்பே சிரிப்பு. ஒரு விமர்சகர் இதற்குக் 'கட்டிலடி மரபு' என்று பெயரிட்டு, அது எப்போதோ முடிந்துபோய்விட்டதாகவும் எழுதினார்.

ஒரு விடுமுறை நாளில் பிரேக் அக்கா தனியாக வந்தாள். வீட்டில் அவருடைய செருப்பை யாருக்கோ கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கூட்டம் முறைப்படி சிரித்துக்கொண்டிருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள். அந்த இரண்டு கோடுகளின் நுனியில் பெயிண்ட் வெடித்திருந்தது, அவர் குதிகால் மாதிரியே. கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, இங்க அழக் கூடாது" என்றார் கண்காணிப்பாளர். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இந்தப் படத்தப் பார்த்து முதல்ல சிரிச்சதே நான்தான் சார்."

"தினம் பத்துப் பேர் அப்படித்தான் சொல்றாங்க. பின்னாடி வரிசை நிக்குதும்மா. சிரிக்கிறதுன்னா சிரிங்க, இல்லன்னா நகருங்க."

அக்கா நகர்ந்தாள். அடுத்த அறையில் அன்றுதான் மாட்டிய புதுப் படம், முழுக்கச் சிவப்பு. பலகையில் இன்னும் எதுவும் எழுதவில்லை. அதற்கு முன்னால் ஒரு கூட்டம் மூச்சுவிடாமல் நின்றுகொண்டிருந்தது. யாரும் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் முகத்தில் என்ன வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் தொண்டையில் அடக்கிவைத்த அழுகை சிக்கிக்கொண்டது. செருமினாள், இருமல் வந்தது.

பக்கத்தில் இருந்தவர் உடனே இருமினார். அவருக்கு அடுத்தவர் இன்னும் ஆழமாக இருமினார். அறை முழுக்க இருமியது. ஓர் அம்மாள் கண்ணை மூடி, உள்ளம் உருக இருமினாள். கண்காணிப்பாளர் வாசலில் நின்று, மரியாதையோடு சாக்குக்கட்டியை எடுத்தார்.

பிரேக் அக்கா ஒரு நிமிஷம் சுற்றிலும் பார்த்தாள். அந்த அம்மாளுடைய இருமல் தன்னுடையதைவிட நன்றாக இருந்ததுபோல் பட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தைப் பார்க்காமலே, இன்னொரு தடவை இருமினாள்.