நெட்வொர்க்காரரின் கைராசி

நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வந்த விருந்தாளி, இடுப்பில் துண்டோடு தன் அறைக்கு வெளியே நின்றார். அவருடைய சாவி அட்டையைக் கதவு மதிக்கவே இல்லை.

அதற்குக் காரணம் கீழே உட்கார்ந்திருந்த நெட்வொர்க்காரர். அந்த ஹோட்டலின் கணினிகளையும் கதவுகளையும் கட்டி மேய்ப்பவர். அன்று காலைதான் முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அவருடைய அறையில் மூலை மேஜையில் உட்கார வைத்திருந்தார்.

"திருடன் வர்றதுக்கு முன்னாடி அவனை மாதிரியே நுழைஞ்சு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறது இவங்க தொழில். நான்தான் அனுமதி கொடுத்திருக்கேன். இந்த வாரத்துக்குள்ள உள்ள நுழைஞ்சுட்டாங்கன்னா உங்க வேலை இவங்களுக்கு."

நெட்வொர்க்காரர் நாற்காலியைக் கணினிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவசர அவசரமாகக் கடவுச்சொற்களை மாற்றினார். மாடிக் கதவுகள் பூட்டிக்கொண்டன. அவற்றை விடுவிக்கப் போனார், லிஃப்ட் நின்றது. லிஃப்டைக் கிளப்பப் போனார், சமையலறைக்கு வரவேண்டிய ஆர்டரெல்லாம் சலவைக்கூடத்தில் அச்சாகி விழுந்தது.

"சார், என்கிட்ட சூப் கேக்கறாங்க. நான் துணி துவைக்கிறவன்," என்றது போன்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கதவுகள் திறந்தன. லிஃப்ட் கிளம்பியது. சமையலறையில் சூப் கொதித்தது.

அவர் தம் விரல்களையே உற்றுப் பார்த்தார். எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்று ஞாபகமில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

வாரம் முழுக்க இதே கூத்துதான். அவர் ஓர் ஓட்டையை அடைப்பார், நாலு இடத்தில் புட்டுக்கொள்ளும், பிறகு எல்லாம் தானாகச் சரியாகும். அதுவும் முன்பைவிடச் சுறுசுறுப்பாக. இப்பேர்ப்பட்ட வித்தையை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று தம்மைக் கண்டு தாமே பிரமித்துப் போனார்.

"கம்ப்யூட்டர் என் பேச்சைக் கேக்குதும்மா. எனக்கே பயமா இருக்கு," என்றார் மூலை மேஜையைப் பார்த்து.

"நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் சார்," என்றாள் அவள், போனைக் காதிலிருந்து எடுக்காமல்.

கடைசி நாள் முதலாளி வந்தார். நெட்வொர்க்காரர் முந்திக்கொண்டார்.

"பாவம், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கலை. ஒரு கதவைக்கூட இவங்களால தொட முடியலை சார்."

முதலாளி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். அவள் பதில் சொல்வதற்குள், அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மா வாசலில் தலையை நீட்டினாள்.

"மேடம், இன்னையோட கிளம்பறீங்களாமே? நாளைக்கு சார் எதையாவது தொட்டு கதவெல்லாம் பூட்டிக்கிச்சுன்னா, உள்ள புகுந்து திறந்துவிடச் சொல்லி நாங்க யாருக்குப் போன் பண்றது?"